எடைக்குப் போடாத நோட்டு

சின்ன வயதில் தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் வெடிக் காகிதங்களைப் பொறுக்கி வாசிப்பது எனக்கும் அண்ணனுக்கும் ஒரு விளையாட்டு. கருகிய துண்டின் ஒரு பக்கம் செய்தித்தாள், இன்னொரு துண்டில் யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சை விடை. "மௌரியப் பேரரசு வீழ்ந்ததற்குக் கார" என்று நின்றுபோயிருக்கும். மிச்சத்தை நாங்கள் இட்டுக்கட்டுவோம். வெடிக்குழாய் உருட்டக் காகிதம் வேண்டும். ஊர் ஊராக எடைக்குப் போன பழைய காகிதத்தில் ஒரு பங்கு லாரி ஏறி எங்கள் பக்கம் வரும். இங்கே குழாயாகி, மருந்து ஏறி, திரி ஏறி, சரமாகித் திரும்ப ஊர் ஊராகப் போகும். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, எடைக்குப் போட்ட காகிதம் அத்தோடு தீர்ந்துவிடும் என்ற எண்ணமே வராது.

இந்த ஆடியில் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டி வந்தபோது அதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அப்பா இறந்து இரண்டு வருஷம். வீட்டை விற்கப் பேசியாயிற்று. ஆவணி பிறந்ததும் கிரயம். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் போனில் சொன்னான்: "பத்திரம், பட்டா, வரி ரசீது, அம்புட்டுதான் வேணும். மத்ததையெல்லாம் எடைக்குப் போட்டுரு. ஒரு ஜப்பான்காரம்மா புஸ்தகம் எழுதிருக்கு, படிச்சிருக்கியா?"

படித்திருந்தேன். மாரி கோண்டோ சட்டை துணிக்குக் காட்டும் இரக்கத்தைக் காகிதத்துக்குக் காட்டுவதில்லை. கையில் எடுத்துப் பார்த்து மனசுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கும் பேச்செல்லாம் காகிதத்துக்குக் கிடையாது. எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்பதுதான் அடிப்படை விதி. இப்போது பயன்படுவது, கொஞ்ச நாளைக்குத் தேவைப்படுவது, என்றைக்கும் வைத்திருக்க வேண்டியது என்ற மூன்றுக்கு மட்டும் விலக்கு. 2017-ல் மார்கரெட்டா மாக்னுஸன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாட்டி இன்னொரு புத்தகம் எழுதினார். சாவதற்கு முன்னால் நம் சாமான்களை நாமே ஒழித்துவிட்டுப் போனால் பிள்ளைகளுக்குச் சிரமம் இல்லை என்பது அவர் கட்சி.

ஜப்பானும் ஸ்வீடனும். சிவகாசிக்காரர்களுக்கு இந்த இரண்டு பெயரையும் சேர்த்துக் கேட்டால் சிரிப்பு வரும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தியக் கடைகளில் விற்ற தீப்பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டு நாட்டுச் சரக்குதான். 1922-ல் இறக்குமதி வரி ஏறியதும் ஸ்வீடன் கம்பெனி இங்கேயே வந்து 1923-ல் விம்கோவை ஆரம்பித்தது. சென்னை மெட்ரோவில் விம்கோ நகர் என்று அறிவிக்கும்போது காதில் விழுவது அந்தப் பெயர்தான். அதே காலத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். இயந்திரத்தை நம்பிய ஸ்வீடன்காரனை, கையால் செய்த பெட்டி சமாளித்தது. அந்தக் கை யாருடையது என்பதற்குப் பிறகு வருகிறேன். 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாக ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெரிய ஜப்பானிலிருந்து இப்போது காகிதத்தைக் கழிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.

நாம் ஒன்றும் கழிக்கத் தெரியாதவர்கள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பழைய ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கதை அதைவிடக் கொடுமை. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் இருக்கிற ஊர். வரதுங்கராம பாண்டியரின் ஏடுகள் அங்குள்ள கோயிலுக்கு வந்து சேர்ந்தன என்று கேள்விப்பட்டு உ.வே.சா. தேடிப் போனார். கூளமாய்க் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டோம், சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று அங்கே பதில் வந்தது. செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இடம் அடைத்துக்கொண்டிருந்ததை, வாசிக்க ஆளில்லாததை, மரியாதையாக ஒழித்தார்கள். என் அண்ணனும் நல்லவன்தான்.

ஆடிப்பெருக்குக்கு இப்போது எங்கள் ஊரில் இன்னொரு அர்த்தம் உண்டு. மறு வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் அன்றைக்குத்தான் வெளியாகும். ஏட்டை ஆற்றில் விட்ட அதே நாளில் காகிதத்துக்கு ஆர்டர் எடுக்கிறோம். அன்றைக்கே பெட்டியைத் திறந்தது திட்டமிட்டு அல்ல. அத்தைக்கு அன்றுதான் தோது.

அத்தை எதற்கு என்றால், அதிலும் ஒரு காகிதக் கதை. வாங்குபவரின் வக்கீல் 1990-ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கின்றன, இருவரும் ஒருவரே என்று அந்த அம்மா ஒரு உறுதிமொழிப் பத்திரம் தரணும் என்று கேட்டுவிட்டார். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, சாமி பெயர் ஒன்று. எங்கள் பக்கம் எந்தப் பெண்ணுக்குத்தான் ஒரே பெயர்?

பெட்டியில் மேலாக இருந்தவை சுலபம். கொக்கிக் கம்பியில் குத்தி வைத்த கரண்ட் பில்கள், எப்போதோ விற்ற டிவியின் உத்தரவாத அட்டை, நாலைந்து பழைய ரேஷன் கார்டு, கல்யாண மொய் நோட்டு, பிரோநோட்டுகள். எழுதிக் கொடுத்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பின்பக்கம் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கவில்லை என்றால் பிரோநோட்டு காலாவதி. அப்பா வாங்கிக் கடனை அடைத்துத் திருப்பி எடுத்தவற்றைக் குறுக்கே கோடு போட்டு வைத்திருந்தார். கொடுத்து வராமல் போனவற்றில் கோடு இல்லை. அந்தப் பெயர்களில் இரண்டு பேர் அப்பா சாவுக்கு மாலையோடு வந்தவர்கள்.

அதற்குக் கீழே ஒரு மஞ்சள் பை முழுக்கப் பட்டா விவகாரம். தமிழ்நாட்டில் கிராமத்து நிலம் இருக்கிற வீட்டில் 'யுடிஆர்' என்று சொல்லிப் பாருங்கள், யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த வேலை அது. புதுப்பித்தபோது பல பேருடைய பெயரும் அப்பா பெயரும் சர்வே எண்ணும் மாறி விழுந்தன. எங்கள் ரெண்டு ஏக்கர் புஞ்சையில் தாத்தாவின் தகப்பன் பெயர் வேறு யாரோவாக இருந்தது. ஒரு எழுத்தர் ஒரு வெயில் நாளில் செய்த பிழை. அதைத் திருத்த அப்பா எழுதிய மனுக்களின் நகல் மட்டும் 17 இருந்தன. நிலத்தை விற்ற பிறகும் நகல்களைக் கழிக்கவில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அரசாங்கம் எப்போது எதைக் கேட்கும் என்று தெரியாதவன் எதையும் கழிக்க மாட்டான். கோண்டோவுக்கு யுடிஆர் தெரியாது.

பத்திரங்கள் அடியில், பிளாஸ்டிக் உறையில். ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று சூட்டில் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது, மை மங்கினால் மங்கியதுதான். நல்ல வேளை, அப்பா செய்யவில்லை. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகம் ஒரு நகலை வைத்துக்கொள்கிறது. அதனால் அசல் தொலைந்தாலும் அங்கிருந்து சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆனாலும் வாங்குபவனும் பேங்கும் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை. எங்கள் மூலப்பத்திரத்துக்கு முந்தைய காகிதம் எதுவும் இல்லை. அப்பத்தா இருந்தபோது கேட்டால், "அதுக்கு முந்தினதெல்லாம் கொள்ளையில போச்சு" என்பாள். 1899 ஜூன் 6-ஆம் தேதி நடந்த சிவகாசிக் கொள்ளையைச் சொல்கிறாள். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முந்தி நடந்தது. வீடுகள் எரிந்த அந்த நாளை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு எல்லைக்கல் மாதிரி நட்டு வைத்திருக்கின்றன. காணாமல் போன எதற்கும் அதன் மேல் பழி போடலாம்.

அப்புறம்தான் அந்த நோட்டு. கால் அகல நோட்டு, மேலட்டையில் ஒரு மயில் லேபிள் ஒட்டியிருந்தது. உள்ளே தாத்தாவின் கையெழுத்து. தாத்தா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. இங்கே தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கென்னவோ அந்தச் சொல் பொருத்தம் என்றே படுகிறது. தீப்பெட்டி என்பது குச்சியும் மருந்தும் மட்டும் இல்லை, பாதிக்குமேல் அது காகித வேலை. லேபிள், பெட்டி சுற்றும் நீலக் காகிதம், பண்டல் காகிதம். 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்ததும், வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டிக்குப் பெட்டி ஒட்ட வேண்டிய பாண்டரோல் பட்டி. லேபிளுக்காக வந்த அச்சு மெஷின்கள்தான் பிறகு காலண்டரும் டைரியும் நாடு முழுவதற்குமான கணக்குப் பேரேடும் அடித்தன. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்த பிறகு பட்டாசுக்கும் உரிமக் காகிதம். 'நாக்பூர் லைசென்ஸா, டிஆர்ஓ லைசென்ஸா?' என்று கேட்டால் அந்த ஆபீஸின் அந்தஸ்து தெரிந்துவிடும்.

நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, '1971 ஜூன்'. இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வரவில் தேதியும் குரோஸ் எண்ணிக்கையும் கூலியும். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பற்றில்: 'தம்பி நோட்டு', 'தம்பி டவுசர்', 'தம்பி ஜாமெட்ரி பாக்ஸ்', 'அரிசி', 'தம்பி செருப்பு'. யாருடைய கணக்கு என்று எங்கும் எழுதவில்லை. தம்பி என்பது என் அப்பா. அப்படியானால் கணக்கு அவருடைய அக்காவுடையது.

அத்தை திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நோட்டைக் காட்டினேன். எழுத்தைப் பார்க்கவில்லை, மயிலைப் பார்த்தார்.

"இது எங்கய்யா எழுதுனதுல்ல. பெட்டி ஒட்டுன கணக்கு. வீட்டுக்கே சில்லும் தாளும் வந்துரும் தாயி. விடியக்காலம் விளக்க வச்சு ஒட்டுவோம். மைதாப் பசையில மயில்துத்தம் கலந்திருக்கும், கைய வாயில வச்சா அம்மா அடிப்பா."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு அத்தை?"

"யாருக்குத் தெரியும்."

ஆதாரில் அத்தையின் பிறந்த தேதி 01-01-1962. ஜனவரி முதல் தேதியில் பிறந்த இந்தியர்கள் எத்தனை கோடி பேர் என்று எண்ணிப் பாருங்கள். தெரியாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஜனவரி 1 கொடுத்திருக்கிறது. வருஷத்தைப் பதிவு செய்த பையன் முகத்தைப் பார்த்துப் போட்டான். நான் வேறு வழியில் கேட்டுப் பார்த்தேன். காமராஜர் தோற்றது நினைவிருக்கிறதா?

"நல்லா இருக்கு. எங்கய்யா அன்னைக்குச் சோறு திங்கல. எனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து அப்பத்தான் முளைச்சுக்கிட்டு வருது. பொக்கவாயி, நீயும் தோத்துட்டியான்னு சித்தப்பா கேலி பண்ணுச்சு."

விருதுநகரில் காமராஜர் தோற்றது 1967. முன்பல் விழுந்து முளைப்பது ஆறேழு வயதில். அப்படியானால் அத்தை பிறந்தது 1960 ஒட்டி. நோட்டு தொடங்கும்போது வயது பத்து, பதினொன்று. ஆதார் கணக்குப்படி இரண்டு வருஷம் இளமை. அந்த இரண்டு வருஷமும் முதியோர் உதவித்தொகைக்கு வயசு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். பால்பல்லை எந்த மனுவோடும் இணைக்க முடியாதே.

காமராஜர் பிறந்த விருதுநகர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட இல்லை. பள்ளிக்கூடத்தையும் மதிய உணவையும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக்கிய முதலமைச்சர் அவர். அப்பா அதில்தான் படித்து மேலே வந்தார். அதை எப்போதும் நன்றியோடு சொல்வார். இலவசப் பள்ளிக்கும் டவுசர் வேண்டும், ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டும். அதை வாங்கியவர் திண்ணையில் ஒட்டிக்கொண்டிருந்தார். இதை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது என்று நான் நம்பவில்லை. நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாரே.

இந்தப் பக்கத்தில் வயது என்பது வெறும் எண் இல்லை. 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழ் இருப்பவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக் கூடாது என்றது. வயதில் சந்தேகம் வந்தால் மருத்துவ அதிகாரியின் சான்று. எம்.சி.மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதுவரைக்கும் வயதைக் கேட்காதவர்கள் வயதுச் சான்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆபீஸ் பதிவேட்டில் பிள்ளைகள் ஒரே நாளில் காணாமல் போனதாகவும், வீட்டுத் திண்ணையில் அதைவிட மெதுவாகத்தான் காணாமல் போனதாகவும் அத்தை சொல்கிறார். அத்தை மாதிரி வீட்டில் ஒட்டியவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததே இல்லை. காணாமல் போவதற்கு முதலில் இருந்திருக்க வேண்டும்.

விபத்து நடந்தால் வயது இன்னும் முக்கியம். 1923-ல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த இழப்பீட்டுச் சட்டம், மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய ஒரு எண்ணால் பெருக்கச் சொன்னது. 30 வயதென்றால் 207.98. 50 என்றால் 153.09. அதாவது செத்தவருக்கு என்ன வயது என்று நிரூபிக்கும் காகிதம் வேண்டும், என்ன சம்பளம் என்று நிரூபிக்கும் காகிதம் வேண்டும், யார் வாரிசு என்று தாசில்தார் தரும் காகிதம் வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் டிவியில் புகையைக் காட்டுவார்கள். அதற்கு அடுத்த வாரம் வீடுகளில் நடப்பதைக் காட்ட மாட்டார்கள். பீரோவைக் கவிழ்த்து, அரிசிப்பானையில் கைவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் தடவி, ஒரு டி.சி., ஒரு சம்பளச் சீட்டு, எதையாவது தேடுவார்கள். தினக்கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் போனவர்களிடம் என்ன சீட்டு இருக்கும்? எங்கள் தெருவில் அப்படி ஒரு வீட்டுக்கு நான் அப்பாவோடு போயிருக்கிறேன். விண்ணப்பம் எழுத அப்பாவைக் கூப்பிடுவார்கள். கணக்குப்பிள்ளை மகன் அல்லவா. செத்தவர் வெடி ஆபீஸ் சாமானை வாங்கி வந்த கணக்கைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கி வைத்திருந்தார். அப்பா அந்தத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஊசி நூலால் கோத்துக் கொடுத்தார். அது எங்கேயாவது செல்லுபடியானதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, பள்ளியில் லீவு சொல்லிவிட்டு வந்த பெருமை மட்டும்தான் மனதில் இருந்தது.

வீடுகளுக்குள் இருக்கும் காகிதக் குவியலைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் காகிதம் அதிகமாக இருப்பவர்களுக்கு எழுதப்பட்டவை. என் வீட்டுப் பெட்டியும் அப்படித்தான், தாத்தா எழுத்தறிந்த மனுஷர். ஆனால் அதே பெட்டிக்குள் அத்தை இரண்டே இடத்தில்தான் இருக்கிறார். ஒன்று பெயர் போடாத இந்த நோட்டு. இன்னொன்று 1990-ஆம் வருஷத்து விடுதலைப் பத்திரம். தாத்தா உயில் எழுதாமல் இறந்ததால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சம்பாதித்த வீட்டில் மகளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தம்பியின் மேல் உள்ள அன்பினால் பிரதிபலன் ஏதுமின்றி விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம் சொல்கிறது. கீழே இடது பெருவிரல் ரேகை. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று திருத்தம் வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மகள்களிடம் கையெழுத்து வாங்க ஊரே பத்திர எழுத்தரிடம் ஓடிய காலம் அது என்று அம்மா சொன்னாள்.

அண்ணன் மறுபடி கூப்பிட்டான். விடுதலைப் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா, அதுதான் ரொம்ப முக்கியம் என்றான். இருக்கு என்றேன். நோட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை வச்சு என்ன பண்ண முடியும்?" என்றான். சட்டப்படி ஒன்றும் பண்ண முடியாது. யார் ஒட்டினார் என்றுகூட அதில் இல்லை. "அத்தைக்கு நாம ஏதாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். "பேசலாம்" என்றான். அவன் அப்படிச் சொன்னால் பேசுவான், ஆனால் எவ்வளவு என்று நான்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

அத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். 1990-ல் ரேகை, இப்போது கையெழுத்து. இடையில் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி வகுப்புக்குப் போய் அத்தனை எழுத்தும் கற்று, இந்தப் பெயரை எழுதும் நாலு எழுத்தை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறார். மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். முடித்ததும் பேனாவை மூடித் தந்துவிட்டுக் கேட்டார்:

"அந்த நோட்டுல கடைசியா பாக்கி எம்புட்டு வருது?"

புரட்டினேன். 1974 பிப்ரவரியோடு நிற்கிறது. கடைசி வரியில் இருப்பு பதினோரு ரூபாய் நாற்பது பைசா.

"அது எனக்கு வரவேண்டியதா, நான் குடுக்க வேண்டியதா?"

"உங்களுக்கு வரவேண்டியது அத்தை."

"எங்கய்யா தரவே இல்ல பாரு" என்று சிரித்தார். நோட்டை வாங்கி, மயில் லேபிளைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, உளுந்தவடைப் பொட்டலம் இருந்த மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் ஒரு பக்கத்தைக்கூடப் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

சாயங்காலம் எடைக்கடை அண்ணாச்சி வந்தார். மொய் நோட்டை மட்டும் அம்மா கடைசி நிமிஷத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள், இன்னும் செய்ய வேண்டிய மொய் பாக்கி இருக்கிறதாம். மனுக்களின் 17 நகலும் போயிற்று. எல்லாம் சேர்த்து 31 கிலோ. இதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன்.

"எங்க போகும், சுத்திச் சுத்தி இங்கனதான் வரும்" என்றார் அண்ணாச்சி, தராசைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டே.